உப்புப் போடாத கோசம்பரி

முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே இதைப் படிக்கிற என் வயதுக்காரர்களுக்கு ஒரு கேள்வி. உங்களைக் கடைசியாக யார் பிக்னிக்குக் கூப்பிட்டார்கள்? என்னைப் போன வாரம் கூப்பிட்டார்கள். பெங்களூர் வைட்ஃபீல்டில் மகன் வீட்டோடு இருக்கிறேன். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் கோடை விடுமுறைக்கு எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்துக்குப் போவதாக ஏற்பாடு. வீட்டுக்கு ஒரு பண்டம். யார் எதைக் கொண்டுவருவது என்று பங்கு பிரிக்கும் பொறுப்பை நாலாவது மாடிப் பெண்ணிடம் கொடுத்திருந்தார்கள். சேலத்துப் பெண், ஐ.டி.யில் வேலை, நல்ல மாதிரி. லிஃப்டில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆன்ட்டி, நீங்க ஒரு வெஜிடபிள் சாலட் மட்டும் பண்ணிட்டு வந்துடுங்க. ஸ்டவ்வே பத்த வைக்க வேணாம், ரொம்ப ஈஸி. ஆனா உப்பு மட்டும் போடாதீங்க, அங்க போய் போட்டுக்கலாம். பி.பி. இருக்கறவங்க நெறைய பேர் வர்றாங்க.”

அவள் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. பி.பி. எனக்கே இருக்கிறது. காலையில் ஒன்று, ராத்திரியில் ஒன்று என்று மாத்திரை விழுங்குகிறவள்தான் நானும். “சரிம்மா” என்றேன். லிஃப்ட் நின்று கதவு திறந்தது. நான் இறங்காமல் நின்றுகொண்டிருந்தேன். “ஆன்ட்டி, உங்க ஃப்ளோர்” என்று அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அடுப்புப் பற்ற வைக்க வேண்டாம், உப்புப் போட வேண்டாம், சுலபம். இந்த மூன்றையும் இதே வரிசையில் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அப்போது சொன்னவர் வேறு. கேட்டுக்கொண்டு நின்றவள் என் அம்மா.

அப்போது நாங்கள் அல்சூரில் இருந்தோம். ஏரிக்குப் பின்பக்கம் ஒரே வரிசையாக ஓடு போட்ட வீடுகள். ஒரு வீட்டில் வெங்காயம் வதக்கினால் வரிசை முழுக்கக் கண் எரியும். குழாய்க்கு முன்னால் குடங்களின் வரிசை, அதற்குப் பக்கத்தில் பெண்களின் சண்டை, கொஞ்சம் தள்ளி ஏரியிலிருந்து வரும் பாசி வாடை. எங்கள் வீட்டையும் சேர்த்து வரிசையில் பாதி வீடுகளில் சாமி அலமாரியில் புத்தர் படம் இருக்கும். அது எந்தச் சாதிக்காரர் வீடு என்று பார்க்கிறவர்களுக்கு அந்தப் படமே சொல்லிவிடும். எனக்கு அது அப்போது தெரியாது. புத்தர் சிரிக்கிறாரா தூங்குகிறாரா என்று தம்பியோடு பந்தயம் கட்டுவதோடு சரி.

அப்பா பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷினில் வேலை பார்த்தார். இருட்டோடு கிளம்பி, பஸ் மாறிப் போவார். திரும்பி வரும்போது அவர் சட்டையில் இரும்பும் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை இருக்கும். சோப்பு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. இன்றைக்கும் ஏதாவது மெக்கானிக் கடையைத் தாண்டும்போது அந்த வாசனை வந்தால் நான் ஒரு நிமிஷம் நின்றுவிடுவேன். மருமகள் என்னைக் கால்வலி என்று நினைத்துக் கையைப் பிடிப்பாள்.

வருஷா வருஷம் கோடையில் அப்பாவின் செக்‌ஷனில் எல்லோரும் குடும்பத்தோடு பிக்னிக் போவார்கள். கம்பெனி பஸ்ஸிலேயே போய், கம்பெனி பஸ்ஸிலேயே வருவது. சாப்பாடு மட்டும் அவரவர் வீட்டிலிருந்து. எந்த வீட்டில் எது என்று தீர்மானிப்பது சூப்பர்வைசர் வீட்டம்மா. வெற்றிலைச் சிவப்பு உதடும் பெரிய குங்குமமுமாக, பார்த்தாலே கையெடுத்துக் கும்பிடத் தோன்றும் அம்மாள். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பார், கன்னடத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பார். கெட்டவர் என்று அவரை நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். எனக்கு ஒவ்வொரு தடவையும் கன்னத்தைத் தட்டி ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தவர்.

நாங்கள் முதல் தடவை பிக்னிக் போவதற்கு முன், கம்பெனி வாசலில் ஏதோ பூஜை. அதற்கு அம்மாவும் நானும் போயிருந்தோம். அங்கேதான் அவர் அம்மாவைக் கூப்பிட்டார்.

“நோடம்மா, நீ கோசம்பரி பண்ணிட்டு வந்துடு. அடுப்பே பத்த வைக்கறது பேட. தாளிக்கறதெல்லாம் பேட, வேண்டாம். உப்பும் போடாதே, உப்பு போட்டா தண்ணி விட்டுடும். அங்கே வந்ததும் நானே போட்டுக்கறேன். உனக்கும் சுலபம்.”

கோசம்பரி தெரியாதவர்கள் இந்த ஊரில் கிடையாது. ஊறவைத்த பாசிப்பருப்பில் வெள்ளரிக்காயைப் பொடியாக நறுக்கிப் போட்டு, தேங்காய்த் துருவல், பச்சை மிளகாய், கொத்தமல்லி சேர்த்து, எலுமிச்சம் பழம் பிழிந்தால் முடிந்தது. ராமநவமிக்குப் பந்தல் போட்டு இலைத் தொன்னையில் கொடுப்பார்கள். அம்மா எங்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு வரிசையில் நின்று வாங்கித் தின்பாள். தின்றுகொண்டே என்னென்ன போட்டிருக்கிறார்கள் என்று நாக்கால் கணக்கெடுப்பாள். அப்படித்தான் அவள் அதைக் கற்றுக்கொண்டாள்.

பெரிய வீட்டம்மா தன்னைக் கூப்பிட்டுச் சொன்னதில் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். “புள்ளைங்கள வச்சிகினு கஷ்டப்படுவேன்னு சுலபமா கொடுத்திருக்காங்க பாரு, எவ்ளோ நல்ல மனசு” என்று வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். நானும் நம்பினேன். மற்ற வீட்டுப் பெண்களெல்லாம் விடியுமுன் எழுந்து அண்டா அண்டாவாகப் புளியோதரையும் பிஸிபேளே பாத்தும் கிளறும்போது, எங்கள் அம்மாவுக்கு மட்டும் நறுக்குகிற வேலை. சலுகை என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

அந்த முதல் வருஷம் எல்லாம் நன்றாகவே நடந்தது. சூப்பர்வைசர் வீட்டம்மா மரத்தில் கடைந்த ஒரு சின்ன உப்பு டப்பா வைத்திருந்தார். எங்கள் சட்டி முன்னால் உட்கார்ந்து, அந்த டப்பாவிலிருந்து தன் கையால் உப்பெடுத்துத் தூவி, தன் கரண்டியால் கிளறி, எல்லோருக்கும் அவரே பரிமாறினார். சட்டி காலியாகிவிட்டது. அம்மா காலிச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். அடுத்த வருஷமும் அப்படியே. ஆனால் அந்த இரண்டாவது வருஷம் ஒரு சின்ன விஷயம் நடந்தது. ஸ்டோர் கீப்பர் ஒருவர், நம் பாஷைக்காரர்தான், விரலை நக்கிக்கொண்டே சூப்பர்வைசர் வீட்டம்மாவிடம், “மேடம், உங்க கோசம்பரி பிரமாதம்” என்றார். அந்த அம்மாள் சிரித்தார். அம்மா பக்கத்திலேயே எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். அவளும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் விளக்குப் போடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

“பருப்பு என்னுது, காய் என்னுது, கை என்னுது. ஒரு சிட்டிகை உப்புக்கு மட்டும் அவங்க பேரா?” என்று அப்பாவிடம் கேட்டாள்.

“வுடுமே. யார் பேருல இருந்தா இன்னா, சட்டி காலி ஆச்சா இல்லியா?”

“அடுத்த வருஷம் உப்பு நான்தான் போடுவேன்.”

அப்பா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் சொல்ல வந்தது அந்த அடுத்த வருஷத்துக் கோடையை. எனக்கு அப்போது பத்து வயது. நம் காலத்தில் பெங்களூரில் ஃபேன் இல்லாமல் தூங்கினோம் என்று பிள்ளைகளிடம் பீற்றிக்கொள்கிறோமே, அந்தக் கோடைக்கு அந்தப் பேச்சு எடுபடாது. குழாயில் தண்ணீர் நூலாக விழுந்தது. ஏரி வற்றிக் கரையில் சேறு வெடித்துக் கிடந்தது. மாங்காய்ப் பருவத்து மழை ஒன்று வந்து ஏமாற்றிவிட்டுப் போனது. அம்மாவுக்கு அந்த வருஷம் வேறு நினைப்பே இல்லை. வாசலில் வெள்ளரிக்காய்க் கூடை வந்தால் போதும், ஒன்றை வாங்கி நறுக்கி, உப்புப் போட்டு மூடி வைத்துவிட்டு, சாயங்காலம் திறந்து எவ்வளவு தண்ணீர் விட்டிருக்கிறது என்று பார்ப்பாள். நாங்கள் அந்தத் தண்ணீரில் மிளகுத்தூள் போட்டுக் குடிப்போம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையைப் போல அவள் அதிலேயே கிடந்தாள்.

பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் அம்மாள் இருந்தார், சாச்சி என்று கூப்பிடுவோம். தேங்காய் துருவ எங்களிடம் துருவுபலகை கிடையாது, அவரிடம்தான் வாங்குவோம். மரப்பலகையில் இரும்புப் பல் வைத்தது, உட்கார்ந்தால் ஒரு பக்கம் ஆடும். அந்தத் துருவுபலகையை வாங்கப் போனபோது அம்மா தன் யோசனையைச் சொல்லிவிட்டாள். சாச்சி வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அம்மாவையே பார்த்தார்.

“ஏன்மா, அவுங்க உப்பு பேடான்னு சொல்லிக்கினு இருக்காங்க. நீ ஏன் போட்டுக்கினு பேஜார் பண்ற? சும்மா குடுத்துட்டு வாயேன்.”

“தண்ணி வுடும்னுதானே பேடான்றாங்க சாச்சி? தண்ணியே வுடாம பண்ணிட்டா? அப்ப இன்னா சொல்றாங்க, பாக்கலாம்.”

“அரே அல்லா” என்றார் சாச்சி. துருவுபலகையைத் துடைத்துக் கொடுத்தார்.

பிக்னிக்குக்கு முதல் நாள் சாயங்காலமே பருப்பை ஊறப்போட்டாகிவிட்டது. காலையில் அதை வடித்து, அப்பாவின் பழைய வேட்டியில் பரப்பி, ஒவ்வொரு பருப்பும் தனித்தனியாக உதிரும்வரை உலர்த்தினாள். வெள்ளரிக்காயைப் பிளந்து விதையை வழித்து எறிந்தாள். பொடியாக நறுக்கியதில் உப்பைப் பிசறி, மெல்லிய துணியில் மூட்டையாகக் கட்டி, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டாள். கீழே கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்த தண்ணீரைத் தம்பியும் நானும் முறை வைத்துக் குடித்தோம். பிறகு அந்த மூட்டையை எடுத்து முறுக்கினாள், பாருங்கள். அவள் முழங்கை நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டது. சொட்டு நின்றபிறகும் முறுக்கினாள். பிரித்தபோது காய் சுருங்கிப் போயிருந்தது. ஆனால் வாயில் போட்டால் நறுக்கென்று இருந்தது. கேரட்டையும் துருவிப் பிழிந்தாள். எல்லாவற்றையும் கலந்து, உப்புப் பார்த்து, இன்னும் ஒரு சிட்டிகை போட்டு, என் உள்ளங்கையில் ஒரு வாய் வைத்தாள்.

“எப்டிகீது?”

நன்றாக இருந்தது. உப்புப் பருப்புக்குள்ளேயே போயிருந்தது. மேலே தூவின உப்பு நாக்கில் தனியாகக் கரிக்கும், இது அப்படி இல்லை. நான் தலையை ஆட்டினேன். அம்மா என் தலையாட்டலை நம்பாமல் தானும் ஒரு வாய் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி மென்றாள். அடுப்பை அவள் பற்ற வைக்கவில்லை. தாளிக்கவும் இல்லை. மற்ற எல்லாவற்றிலும் அந்த அம்மாள் சொன்னபடியே செய்தாள். உப்பு ஒன்றுதான் அவள் தனக்கென்று எடுத்துக்கொண்டது.

அது ஒரு அலுமினியத் தூக்குச் சட்டி. ஒரு பக்கம் நசுங்கி, மூடியைத் திருகித் திருகித்தான் போட வேண்டும். அப்பா கம்பெனியிலிருந்து கை துடைக்கிற காட்டன் வேஸ்ட் நூலில் புதுசாக ஒரு கொத்துக் கொண்டுவந்திருந்தார். அம்மா அதை நனைத்துச் சட்டியைச் சுற்றிக் கட்டினாள். அந்த ஈர நூல்தான் எங்கள் ஃபிரிட்ஜ். பஸ்ஸில் என் மடியில்தான் சட்டி இருந்தது. வழியெல்லாம் பாவாடை நனைந்து தொடை ஜில்லென்று இருந்தது. பின்னால் ஆண்கள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். அம்மா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, அடிக்கடி கையை நீட்டிச் சட்டி மூடியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஹெசரகட்டா பக்கம் ஒரு மாந்தோப்பில் இறங்கினோம். ஜமக்காளங்களை விரித்து, நடுவில் பாத்திரங்களை வரிசையாக வைத்தார்கள். சூப்பர்வைசர் வீட்டம்மா வந்து எங்கள் சட்டி முன்னால் உட்கார்ந்தார். மூடியைத் திருகித் திறந்து, “ஆஹா, என்ன கலரு” என்றார். உப்பு டப்பாவைத் திறந்து கையை உள்ளே விட்டார்.

“உப்பு வூட்லயே போட்டுட்டேங்கம்மா” என்றாள் அம்மா. முகமெல்லாம் சிரிப்பு. “தண்ணி ஒரு சொட்டு வுடல பாருங்க. அப்படியே பரிமாறலாம்.”

அந்த அம்மாளின் கை டப்பாவுக்குள்ளேயே நின்றது. கோபப்படவில்லை. ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. விரல்களை உதறிவிட்டு டப்பாவை மூடினார். பிறகு எங்கள் சட்டியையும் மூடினார். திருகி மூடுகிற சட்டி என்பதால் கொஞ்சம் நேரமாயிற்று. “சரிம்மா, ஆமேலே, அப்புறம் பாத்துக்கலாம்” என்று சொல்லி, சட்டியை ஜமக்காளத்தின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தார்.

சாப்பாடு நடந்தது. எல்லார் வீட்டுப் பண்டமும் எங்கள் இலைக்கு வந்தது. தயிர்சாதம் வந்தது, புளியோதரை வந்தது, யாரோ ஒரு அம்மாள் இரண்டாவது தடவையும் கட்டாயப்படுத்தி வடை வைத்தார். எங்கள் சட்டியிலிருந்து மட்டும் யார் இலைக்கும் எதுவும் போகவில்லை. சூப்பர்வைசர் தன் மனைவியிடம், “கோசம்பரி எல்லி?” என்று கேட்டார். அந்த அம்மாள் குனிந்து தாழ்ந்த குரலில், “உப்பு ஹாகிபிட்டித்தாளே” என்றார். எங்கே என்று அவர் கேட்டதற்கு, உப்புப் போட்டுவிட்டாள் என்று பதில். அவர் “ஓ” என்றார், அவ்வளவுதான். தெருவில் விளையாடிக் கற்ற கன்னடம் எனக்கு நன்றாகப் புரியும். சொன்னது புரிந்தது, அதனால் என்ன என்பதுதான் புரியவில்லை.

ஒரு சின்னக் குழந்தை சட்டியைத் திறக்கப் போனது. அதன் அம்மா மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக இழுத்துக்கொண்டாள். ஆசாரம் பார்க்கிற வீடுகள் அங்கே மூன்று நான்குதான் இருந்திருக்கும். மற்றவர்கள் அப்படி ஒன்றும் பார்க்கிறவர்கள் இல்லை. ஆனால் பெரிய வீட்டம்மா தொடாததைத் தொட யாருக்கும் தைரியம் வரவில்லை. போன வருஷம் விரலை நக்கின ஸ்டோர் கீப்பர் அந்தப் பக்கமே பார்க்காமல் மோர் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேல்தான் இன்னும் ஆத்திரம்.

அப்போது அப்பா எழுந்தார். சட்டி இருந்த ஓரத்துக்குப் போய், திருகித் திறந்து, தன் இலையில் கோசம்பரியைக் குவித்துக்கொண்டு, அங்கேயே நின்றபடி சாப்பிட்டார். அவசரப்படாமல், ஒவ்வொரு வாயையும் மென்று சாப்பிட்டார். பேசிக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் பேச்சை நிறுத்தினார்கள், பிறகு விட்ட இடத்திலிருந்து பேசினார்கள். அம்மா தலையைத் தூக்கவில்லை. தயிர்சாதத்தில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வரும்போது சட்டி கனமாக இருந்தது. அம்மா அதை என் மடியில் வைக்க விடவில்லை, காலடியில் வைத்துக்கொண்டாள். நூல் காய்ந்து போயிருந்தது.

வீட்டுக்கு வந்து, குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் அம்மா மூடியைத் திறந்தாள். நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். “தண்ணி வுட்டுடுச்சுங்க” என்றாள் அம்மா. “அதான் யாரும் தொடல. அவங்க சொன்னபடி கேட்டிருக்கணும்.”

அப்பா சட்டிக்குள் பார்த்தார். அம்மாவையும் பார்த்தார். “ஆமாமே. தண்ணி வுட்டுடுச்சு” என்றார். “வெயிலு அப்படி. நீ இன்னா பண்ணுவ.”

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு எங்கள் நான்கு பேருக்கும் அதுதான். மீதியைச் சாச்சி வீட்டுக்குக் கொடுத்தோம். அவர்கள் வீட்டில் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள்.

அடுத்த வருஷமும் சூப்பர்வைசர் வீட்டம்மா அதையேதான் சொல்லி அனுப்பினார். அம்மா உப்புப் போடாமல் செய்தாள். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுத் தான் போகவில்லை. அப்பாவும் தம்பியும் நானும் போனோம். சட்டி காலியாகித் திரும்பியது. அதற்குப் பிறகு அப்பா அங்கே வேலை செய்த வரைக்கும் அப்படித்தான் நடந்தது. கோசம்பரி போகும், அம்மா போக மாட்டாள்.

விஷயம் எனக்குப் புரிந்தது ரொம்பப் பிற்பாடு. நான் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தபோது, என்னோடு ஒரே டப்பாவில் சாப்பிடுகிற தோழி ஒருத்தி தன் வீட்டுப் பழைய கதைகளைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். “எங்க பெரியம்மா இருக்காளே, அடுப்பும் உப்பும் படாத வரைக்கும் அது வெறும் காய்தான், யார் கையாலயும் வாங்கிப்பா. உப்பு பட்டுட்டா அது சமையல் ஆயிடும். அப்பறம் யார் வீடு, யார் கைன்னு ஆயிரம் கேள்வி. எவ்வளவு பைத்தியக்காரத்தனம் பாரு!” அவள் கள்ளமில்லாமல்தான் சொன்னாள். நான் டப்பாவை மூடிவிட்டுக் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டே நின்றேன். ஜமக்காளத்தின் ஓரத்தில் இருந்த அந்த அலுமினியச் சட்டி அப்படியே கண் முன்னால் வந்தது.

அம்மாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? பாவம், தன் கைப்பக்குவம்தான் தவறிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவளுக்கு வயதாகி, படுக்கையில் கிடந்தபோதுகூட, ஊர்க்கதையெல்லாம் பேசினோம், இதை மட்டும் பேசவில்லை. ஒன்றும் அறியாதவளாகவே அவளை அனுப்பி வைத்தேன் என்பதில் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. என்னைப் பெற்றவளை நான் குழந்தை மாதிரி காப்பாற்றியதாக நினைப்பு.

இனி நேற்றைய விஷயம். பிக்னிக்குக்கு உப்பில்லாமல் செய்து தருவதாக அந்தப் பெண்ணிடம் சொல்லியாகிவிட்டது, தருவேன். ஆனால் நேற்று வீட்டில் யாரும் இல்லாத நேரம், அம்மா செய்த மாதிரியே ஒரு தடவை செய்து பார்க்க ஆசை வந்தது. பருப்பைத் துணியில் உலர்த்தினேன். வெள்ளரிக்காயை விதை எடுத்து, உப்புப் பிசறி, மூட்டை கட்டி, சமையலறைக் குழாயில் தொங்கவிட்டேன். அம்மாவின் முழங்கை பலம் எனக்கு இல்லை, முடிந்த மட்டும் முறுக்கினேன். கலந்து ஒரு டப்பாவில் மூடி, வேண்டுமென்றே ஃபிரிட்ஜுக்கு வெளியே வைத்தேன். நேற்று என்ன வெயில் என்று உங்களுக்கே தெரியும்.

சாயங்காலம் திறந்து பார்த்தேன். டப்பாவைச் சாய்த்தேன். இன்னும் நன்றாகச் சாய்த்தேன். மூலையில்கூட ஒன்றும் சேரவில்லை. பருப்பு உதிரி உதிரியாக விழுந்தது. அரைகுறைக் கையால் முறுக்கின என் கோசம்பரியே தண்ணீர் விடவில்லை என்றால், அவள் முறுக்கினது எப்படி விட்டிருக்கும்?

நம் வயதில் ஞாபகம் என்று நாம் வைத்திருப்பதில் பாதி, கண்ணால் கண்டது அல்ல, பெரியவர்கள் சொன்னது. தண்ணீர் விட்டுவிட்டது என்று அம்மா சொன்னாள், அதுவே என் ஞாபகமாகிவிட்டது. நேற்று ஸ்டூலில் உட்கார்ந்து, அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தபோதுதான் என் கை சொன்னது. அன்று ராத்திரி சட்டியைக் கழுவப் போட்டது நான். கழுவுவதற்கு முன்னால் அடியை வழித்து நக்கினேன். தேங்காய்த் துருவல் அடியில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது, நகத்தால் சுரண்டித்தான் எடுத்தேன். விரலில் ஈரமே இல்லை.

ஆக, அவளுக்குத் தெரியும். அந்த அம்மாளின் கை உப்பு டப்பாவுக்குள் நின்றபோதே தெரிந்திருக்கும். இல்லை, அதற்கும் முன்னாலேயே, சாச்சியிடம் துருவுபலகை வாங்கப் போனபோதே தெரிந்திருக்கும். தண்ணீர் விடும் என்ற சாக்கை எடுத்துவிட்டால் அவர்களிடம் வேறு என்ன மிஞ்சுகிறது என்று பார்க்கத்தான் கோடை முழுவதும் வெள்ளரிக்காயோடு மல்லுக்கட்டினாள். பார்த்துவிட்டாள். அப்பாவுக்கும் தெரியும். திங்கட்கிழமை காலையில் அவர் அதே சூப்பர்வைசர் முன்னால் லேத்தில் நிற்க வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு பக்கத்தில் நிற்கிறோம். அந்த மஞ்சள் வெளிச்சத்தில், காய்ந்து கிடந்த சட்டியை அம்மாவும் அப்பாவும் சேர்ந்து பார்த்தார்கள்.

தண்ணீர் விட்டுவிட்டது என்று உலகத்தில் ஒருவரும் சொல்ல முடியாதபடி செய்துவைத்த என் அம்மா, கடைசியில் அதைத் தன் வாயாலேயே சொன்னாள். அப்பா ஆமாம் என்றார். நாங்கள் நம்பிக்கொண்டு சாப்பிட்டோம்.